கண்ணாடிக் கடையில் ஏழு நாள்

காலேஜில் சேர்ந்த மூன்றாம் நாளே அவளுக்குப் பெயர் மாறிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனவளைப் பார்த்து, மாடியில் இருக்கும் ஓரகத்திதான் முதலில் கேட்டாள், "என்ன, காலேஜ் வந்தாச்சா?" கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தப் பெயர் வாய்க்குச் சுலபமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. "காலேஜ், அடுப்புல பால் பொங்குது பாரு." "காலேஜைக் கேளு, அவளுக்குத் தெரியும்." பக்கத்துக் கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'காலேஜ்காரம்மா' என்றார்கள்.

பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். எலும்பு டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்ற ஒரே கேள்வியை ஒருத்தர் கெஞ்சிக் கேட்பார், ஒருத்தர் அதட்டிக் கேட்பார், இன்னொருத்தர் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் போய்விடுவார். ஏன் இப்படி என்று அவளுக்கு ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. மகள் படித்து முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போனதும், காலேஜில் 'மனிதத் தொடர்பும் உறவுகளும்' என்று ஒரு வருஷப் படிப்பு இருப்பதைக் கேள்விப்பட்டு வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்துவிட்டாள்.

"பேசறதுக்கு ஒரு படிப்பா? நீ ஏற்கெனவே தேவைக்கு மேலதானே பேசற" என்றார் புருஷன்.

"பேசறதுக்கு இல்லங்க. மனுஷங்க எப்படிப் பேசிக்கறாங்க, எங்க பிசகுதுன்னு படிக்கறது."

"அப்படின்னா எங்க கடைக்கு வா. பேசாம இருக்கறது எப்படின்னு நாங்க சொல்லித் தர்றோம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அது விளையாட்டுப் பேச்சு இல்லை. வீட்டின் முன்பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி, மேசைக்குக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, எதுவானாலும் அளவெடுத்து அறுத்து ஓரம் தேய்த்து மாட்டிக் கொடுப்பார்கள். மூத்தவர் அறுப்பார். இளையவர், அவள் புருஷன், ஓரம் தேய்ப்பார், சட்டம் போடுவார். காலை எட்டரைக்குக் கதவைத் தூக்கினால் சாயங்காலம் ஆறு வரை ஒரே மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். ஒன்பது வருஷமாக அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை.

காரணம் பெரியதில்லை. ஒரு நடனப் பள்ளிக்கு ஆளுயரக் கண்ணாடி ஆறு. அதில் ஒரு கண்ணாடி முக்கால் அங்குலம் குறைந்துபோனது. பள்ளிக்காரர்கள் நிற்கும்போதே இளையவர் வாய்தவறி, "கண்ணு தெரியலன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே" என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அண்ணன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "தப்பாப் பேசிட்டேண்ணே, மனசுல வெச்சுக்காத" என்றும் சொன்னார். அண்ணன் திரும்பவில்லை. இளையவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார். கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சுவரிடமும் கண்ணாடியிடமும்தான் பேசினார்கள். "நாலுக்கு ரெண்டு ஒண்ணு வேணுமாம்" என்று இளையவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். சில சமயம் உடனே, பெரும்பாலும் மூன்று நான்கு தடவை சொன்ன பிறகு, நாலுக்கு இரண்டு ஒன்று மேசையில் இருக்கும்.

காலேஜில் அந்த மாதம் கொடுத்த வேலை இதுதான்: தினமும் சேர்ந்திருக்கும் இரண்டு பேரை ஏழு நாள் கவனித்து எழுத வேண்டும். யார் பேச்சைத் தொடங்குகிறார், எங்கே நின்று, என்ன சொல்லி, பதில் எப்படி வருகிறது. "ஏன்னு எழுதாதீங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்றாள் மேடம். மேடத்துக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. பாடம் நடத்தும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் குடிப்பாள். இன்னும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. கவனிக்கப்படுகிறவர்களிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். எழுதி முடித்ததை அவர்களிடம் படிக்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்கள் அடிக்கச் சொன்னதை அடித்துவிட வேண்டும்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் சிநேகிதர்களையும் காதலர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து, புருஷனிடம் சரி வாங்கிக்கொண்டு, மூத்தவரிடம் போய் நின்றாள்.

"மாமா, உங்க ரெண்டு பேரையும் ஏழு நாள் பார்த்து எழுதிக்கட்டுமா? காலேஜ்ல கேக்கறாங்க."

மூத்தவர் அறுக்கும் கருவியை மண்ணெண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தார். "எதைப் பார்த்து?"

"நீங்க பேசிக்கறதை."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "காலி நோட்டைக் கொடுத்தா மார்க்கு போடுவாங்களாமா?"

"பேசாம இருந்தாலும் எழுதலாமாம்."

"எழுதிக்கோ, எழுதிக்கோ" என்றார். பிறகு கண்ணாடியிடம், "சும்மா இருக்கறவங்களை வெச்சும் பொழைக்க வழி கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார்.

முதல் நாள் வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். இருபத்துமூன்று வருஷமாகப் பின்கட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் கடைதான். உட்கார்ந்து பார்த்தபோது வேறு இடம் மாதிரி இருந்தது. நடுவில் கம்பளி விரித்த பெரிய மேசை. அதற்குப் பின்னால் தெருவைப் பார்த்தபடி மூத்தவர். அவருக்கு இடது கைப்பக்கம் சுவரோரமாகத் தேய்ப்பு மெஷின், அங்கே இளையவர். வலது கைப்பக்கம் வாசல். மூத்தவர் அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் கோடு போடுவார். பிறகு ஓரத்தைப் பிடித்து லேசாக அழுத்துவார். டக்கென்று இரண்டாகும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் முக்காலியில் துள்ளி உட்கார்ந்தாள். அவர்கள் தலைகூடத் தூக்கவில்லை.

அவர்கள் பேசாமல் இருக்கவில்லை என்பது முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது. பெரிய கண்ணாடியைத் தூக்கும்போது விரல் கணுவால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினால் 'தூக்கு'. இரண்டு தட்டு 'வை'. நீளமாக ஒரு தேய்ப்பு 'என் பக்கம் சாய்கிறது'. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்து, ஒரே காலை எடுத்து வைத்து நடந்தார்கள். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் தானும் தன் புருஷனும் ஒரு கட்டிலைக்கூட அப்படி நகர்த்தியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதக்கூடாது என்பதால் எழுதவில்லை.

இரண்டு நாள் நோட்டை மேடம் வாங்கிப் பார்த்தாள். 'மூத்தவர் கோபத்தில் பதில் சொல்லவில்லை' என்று எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள்.

"கோபத்தை எங்க பார்த்தீங்க?"

"பதில் சொல்லலையே, மேடம்."

"பார்த்தது, பதில் இல்லைங்கறது மட்டும். கோபம்ங்கறது நீங்க சேர்த்தது. முகம் சிவந்துதா? கை நின்னுதா? மூச்சு மாறிச்சா?"

அவள் யோசித்தாள். "எதுவும் மாறல, மேடம். அப்படியே அறுத்துக்கிட்டிருந்தார்."

"அப்ப அதை எழுதுங்க. யார் எங்க நின்னாங்கன்னு ஒரு படமும் போட்டுக்கோங்க."

அன்றிலிருந்து பக்கத்துக்கு ஒரு மேசை வரைந்தாள். யார் எந்தப் பக்கம் நின்று பேசினார்கள் என்று புள்ளி வைத்தாள். பதில் வந்தால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். இளையவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "கோலி ஆடற படமா?" என்றார். "இருங்க, இன்னும் நாலு நாள் இருக்கு" என்றாள்.

ஐந்தாம் நாள் காற்று கிளம்பியது. கண்ணாடிக்காரர்களுக்கு மழைகூடப் பரவாயில்லை, காற்றுதான் ஆகாது. ஆளுயரக் கண்ணாடியைக் காற்றில் தூக்கிப் போவது பாய்மரத்தைத் தூக்கிப் போவது மாதிரி. அன்று முழுக்க வாசல் தாண்டி எதுவும் போகவில்லை. ஆறாம் நாள் காலையும் காற்று இருந்தது, ஆனால் பெரிய கண்ணாடி ஒன்று சொல்லியிருந்த தையல் கடைக்காரர் வண்டியோடு வந்து நின்றுவிட்டார். அவருக்கு இன்றே கடை திறப்பு. கண்ணாடி இல்லாமல் யார் போட்டுப் பார்ப்பார்கள்?

"கொஞ்சம் அடங்கட்டும்" என்றார் இளையவர், சுவரிடம்.

மூத்தவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

ஆறடிக்கு ஐந்தடிக் கண்ணாடி. நிமிர்த்தி, வலது தோளோடு அணைத்து, முன்னால் மூத்தவர், பின்னால் இளையவர். ஒரு தட்டு. தூக்கினார்கள். அவள் முக்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு எழுதினாள். வாசல்படி தாண்டினார்கள். இடது பக்கம் வண்டியின் பின்கதவைத் தையல் கடைக்காரர் திறந்து வைத்திருந்தார், கொக்கி மாட்டவில்லை. காற்று அடித்தது. கதவு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. மூத்தவர் காலடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். பின்னால் இருந்த இளையவர் கதவைப் பார்த்துவிட்டார். தட்டுவதற்குக் கை காலியில்லை.

"நில்லு!"

தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். தையல் கடைக்காரர் நின்றார். மூத்தவர் ஒரு அடி எடுத்து வைத்தார்.

கதவின் முனை கண்ணாடியின் மேல்மூலையில் பட்டது. அவ்வளவு பெரிய கண்ணாடி உடையும்போது சத்தம் ஒன்றாக வராது. முதலில் ஒன்று, பிறகு நூறு. முன்பாதி தெருவில் கொட்டியது. பின்பாதி இளையவரின் கையோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மூத்தவர்தான் முதலில் ஓடிவந்தார். தோளில் கிடந்த துண்டை உருவி முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினார், பல்லால் முடிச்சை இழுத்தார். கண்ணாடி கொண்டுபோக வந்த வண்டியிலேயே இளையவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினான்கு தையல்.

தையல் போடும்போது கூட முகம் சுளிக்காதவர், வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்த பிறகுதான் பேசினார்.

"ஒன்பது வருஷத்துல அந்த ஆளுகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசினேன்."

"அலட்டிக்காதீங்க. முதல்ல பாலைக் குடிங்க."

"நில்லுன்னேன். என் மேல அவ்வளவு வெறுப்பு பாத்தியா? கண்ணாடி உடைஞ்சாலும் பரவாயில்ல, கை போனாலும் பரவாயில்ல, இவன் சொல்லி நான் நிக்கறதான்னு நடந்தார் பாரு."

"அப்படி இருக்காதுங்க."

"நீதானே அங்க உக்காந்து எழுதின? பாத்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன? போதும். தையல் பிரிச்சதும் நான் வேற கடை பார்த்துக்கறேன். மெஷினை அவரே வெச்சுக்கட்டும். மேசையை வேணா ரெண்டா அறுக்கட்டும், அவருக்குத்தான் அறுக்க நல்லா வருமே."

மருந்தின் அசதியில் தூங்கிப்போனார். அவள் பின்கட்டில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். காலையில் எழுதியது கோணல்மாணலாக இருந்தது. 'இளையவர்: நில்லு (உரக்க). மூத்தவர்: பதில் இல்லை. தலை திரும்பவில்லை. தோள் அசையவில்லை. கண் இமைக்கவில்லை. ஒரு அடி வைத்தார்.'

கண் இமைக்கவில்லை. அதை எழுதியது தான்தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. நில்லு என்ற சத்தத்தில் அவளுடைய பேனாவே குதித்திருந்தது, தாளில் ஒரு கோடு கிழிந்திருந்தது. தெருவில் போகிறவன்கூட நின்றான். ஒரு சொல்லைக் கேட்டு அதை மீறி நடக்கிறவன் கேட்டதற்காகவாவது ஒரு தடவை இமைக்க மாட்டானா?

பழைய பக்கங்களைத் திருப்பினாள். படம் போட ஆரம்பித்ததிலிருந்து நான்கு மேசைகள், நான்கு நாள் புள்ளிகள். வலது பக்கம் முழுக்க வட்டங்கள். வாடிக்கையாளர்கள், தபால்காரர், அவளே, எல்லாருக்கும் பதில் சொல்லியிருந்தார். எதிரில் நின்றவர்களுக்கும் சொல்லியிருந்தார். இடது பக்கம் முப்பத்தொரு புள்ளி. அதில் வட்டம் விழுந்தவை நான்கே நான்கு. அந்த நான்கு தடவையும் அவர் தலை நிமிர்ந்து தம்பியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவளே பக்கத்தில் குறித்திருந்தாள். இடது பக்கம் நின்று பேசியது இளையவர் மட்டும் இல்லை. மூன்றாம் நாள் ஓரகத்தி அங்கே நின்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அதற்கும் வட்டம் இல்லை.

மாடிக்கு ஏறிப் போனாள். ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு நீங்க சொல்றது கேக்குதா?"

"என்னைக்குக் கேட்டிருக்கு? கல்யாணமான புதுசுலேர்ந்தே நான் சொல்றது அவர் காதுல ஏறினதில்ல. உன் காலேஜ்ல அதுக்கு ஏதாவது மருந்து சொல்லித் தர்றாங்களா?"

"விளையாட்டு இல்லக்கா. முன்னெல்லாம் கேட்டுச்சா?"

ஓரகத்தியின் கை ஒரு சட்டையின் மேல் நின்றது. "டிவியைத்தான் இப்ப ரொம்ப சத்தமா வெக்கறார். நான் தூங்கணும்னு சொன்னாலும் குறைக்க மாட்டேங்கறார்" என்றாள். பிறகு, "ஏன் கேக்கற?" என்றாள்.

"சும்மாத்தான்."

அடுத்த நாள், ஏழாம் நாள், கடை பாதிதான் திறந்திருந்தது. மூத்தவர் தனியாகச் சின்னச் சின்னத் துண்டுகள் அறுத்துக்கொண்டிருந்தார். தேநீரை எடுத்துக்கொண்டு போனவள், வேண்டுமென்றே வலது பக்கம் சுற்றிப் போய் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? நோட்டுக்கு இல்ல. நானா கேக்கறது."

"கேளு."

"உங்களுக்கு இடது காது கேக்கலையா?"

மூத்தவர் கோடு போட்ட கண்ணாடியை உடைக்காமல் அப்படியே வைத்தார். தேநீரை எடுத்து, ஆறட்டும் என்று திரும்ப வைத்தார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"எட்டு வருஷமாச்சு" என்றார். "எனக்கு ஒரு ஜுரம் வந்துதே, ஞாபகமிருக்கா, பத்து நாள் படுத்திருந்தேன்? எழுந்து பார்த்தா அந்தப் பக்கம் உலகமே இல்ல. கதவு சாத்தின மாதிரி. இப்ப இந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா மங்குது."

"டாக்டர்கிட்ட..."

"எதுக்கு? ஊர் பூரா தெரியறதுக்கா? கண்ணாடி அறுக்கறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான்மா முக்கியம். கோடு சரியா விழுதான்னு சத்தத்துல தெரியும். பட்டுத்துணி கிழியற மாதிரி ஒரே சீரா வரணும். நடுவுல சத்தம் விட்டுப்போச்சுன்னா அங்கதான் தப்பா உடையும்." இடது உள்ளங்கையைக் காட்டினார். "இப்ப இதை வெச்சுத்தான் கேக்கறேன். கண்ணாடி மேல கையை வெச்சா அதிர்வு தெரியும். தம்பி தட்டறதும் அப்படித்தான்."

விசாரணை ஜன்னலில் அவள் கற்றது ஒன்று: பேச வந்தவர் மூச்சு வாங்கும்போது குறுக்கே போகக்கூடாது.

"கண்ணு தெரியலன்னு நாலு பேர் முன்னாடி சொன்னவன்கிட்ட, காதும் போச்சுடான்னு நானே போய்ச் சொல்லணுமா? சொல்லு."

"நேத்து அவர் நில்லுன்னு கத்தினார், மாமா."

மூத்தவரின் முகம் அப்போதுதான் மாறியது. அவருக்கு அது தெரியவே தெரியாது. "கத்தினானா?" என்றார். "நில்லுன்னா? என்கிட்டயா?"

"உங்ககிட்டதான்."

நேற்று தூக்கும்போது வலது காதை மறைத்துக் கண்ணாடி. இடது காதில் ஒன்றுமில்லை. அவர் மேசையின் கம்பளியை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நீவினார். அவளுக்குள் இன்னொரு கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. காதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முந்தின நாளே அவள் மனசுக்குள் கணக்கு முடித்து வைத்திருந்தாள். ஆனால் வருஷம் இடித்தது. சண்டை ஒன்பது வருஷம், காது எட்டு வருஷம்.

"மாமா, நடனப் பள்ளிக் கண்ணாடி தப்பாப் போன அன்னைக்கு, சாயங்காலம் அவர் உங்க பின்னாடி வந்து நின்னு ஒண்ணு சொன்னார். அது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நல்லாவா?"

"ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. அப்ப ரெண்டு காதும் நல்லாத்தானே இருந்துது."

"அப்புறம் ஏன் மாமா திரும்பல?"

"மறுபடி அறுத்த கண்ணாடிக்கு அன்னைக்கு நானே மெஷின்ல ஓரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். பாதியில கையை எடுத்தா கண்ணாடி போயிடும். முடிச்சு, தண்ணியை நிறுத்தி, கையைத் துடைச்சுட்டுத் திரும்பினேன். ஆள் இல்ல."

"போய்ச் சொல்லியிருக்கலாமே."

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் அவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். சரி, அதுக்கடுத்த நாள்னு இருந்தேன். அப்புறம் ஒரு வாரம் கழிச்சுப் போய் எந்த மூஞ்சியோட சொல்றது? நாள் ஆக ஆகச் சொல்ல வேண்டியது பெரிசாயிட்டே போகுதும்மா. நாமதான் சின்னதாயிடறோம்."

"என்ன சொல்றதா இருந்தீங்க?"

மூத்தவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "என்ன பெரிசா சொல்லப் போறேன்? 'சரி விடு'ன்னு சொல்றதா இருந்தேன்" என்றார்.

பிறகு தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இதையெல்லாம் அவன்கிட்ட சொல்லாத. நோட்டுலயும் எழுதாத" என்றார்.

"எழுத மாட்டேன். சொல்லவும் மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மூன்று நாள் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இளையவர் ஒற்றைக் கையோடு நடந்து நடந்து கடை பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். ஒன்று ரொம்ப இருட்டு, ஒன்றில் வாசல் குறுகல். அவளுக்கு விஷயம் நாக்கு நுனியில் நின்றது. காலேஜுக்குப் போய் மேடத்திடம், யார் எவர் என்று சொல்லாமல் கேட்டாள்.

"ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரிஞ்சா எல்லாம் சரியாயிடும் மேடம். ஆனா சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

மேடம் தண்ணீர் குடித்தாள். "சரியாயிடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது, மேடம்."

"அப்ப வாக்கைக் காப்பாத்துங்க. உங்க அசைன்மென்ட் என்னாச்சு? கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அந்தக் கையெழுத்துக் கேள்விதான் மனதில் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் ஏழு நாள் பக்கங்களையும் புதிதாக எழுதிப் படம் போட்டாள். காது என்ற சொல் எங்கும் இல்லை. முதலில் மூத்தவரிடம் கொடுத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். 'இடது பக்கம், பதில் இல்லை. இடது பக்கம், பதில் இல்லை.' நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. படத்தைச் சாய்த்துப் பார்த்தார். அவர் சாதாரண ஆள் இல்லை, முப்பது வருஷம் அளவுகளோடு வாழ்ந்தவர். அந்தப் புள்ளிகள் என்ன சொல்கின்றன என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"இதை அவனும் படிப்பானா?"

"படிச்சுக் கையெழுத்துப் போடணும், மாமா. நீங்க ஏதாவது அடிக்கச் சொன்னா அடிச்சுடறேன்."

மூத்தவர் பேனாவை வாங்கினார். எதை அடிக்கச் சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அடியில் கையெழுத்துப் போட்டார். "படம் நல்லா போடற" என்றார்.

இளையவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். முதலில் சிரித்துக்கொண்டே படித்தார். 'இளையவர் சுவரிடம் சொன்னார்' என்ற இடத்தில், "ஏன், கண்ணாடிகிட்டயும்தானே சொன்னேன்?" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். இடது கையில் கட்டு, வலது விரலால் புள்ளிகளை எண்ணினார். அவள் பாத்திரம் கழுவுவது போல அங்கேயே நின்றாள்.

"இந்தா, இங்க வா. இந்தப் பக்கம் நின்னு சொன்னதுல நாலைத் தவிர எதுக்குமே வட்டம் இல்லையே."

"இல்லங்க."

"அண்ணி கூப்பிட்டதுக்கும் இல்ல."

"இல்ல."

"நில்லுன்னு நான் கத்தினப்ப... கண்ணு இமைக்கலன்னு எழுதியிருக்க. நிஜமாவா?"

"பார்த்ததைத்தான் எழுதினேன்."

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். "அவருக்குக் காது கேக்கலையா?"

"காரணம் எழுதக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"எழுத வேணாம், வாயால சொல்லு."

"சொல்லவும் கூடாதுங்க" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. அதைப் புருஷன் கவனித்தார். இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் அப்படிக் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கையில் கட்டு மாற்றுகிற நாள் அது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தவர், பின்கட்டுக்கு வராமல் நேரே கடைக்குள் போனார். அவள் கதவோரம் போய் நின்றாள். இளையவர் மெஷின் பக்கம் போகவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம், வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றார். எதிரில் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் காது டாக்டர்கிட்ட ஒரு டோக்கன் போட்டிருக்கு."

மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"காது டாக்டர் யாருக்காம்?" என்று கண்ணாடியைக் கேட்டார்.

"கேக்காதவங்களுக்கு."

"நோட்டைப் படிச்சவங்களுக்கு மூளை அதிகம்தான்."

"நாலு கடை பார்த்தாச்சு" என்றார் இளையவர் சுவரிடம். "கடை கிடைக்குது. மறுமுனையைத் தூக்கத்தான் ஆள் கிடைக்கல." கொஞ்சம் நிறுத்தி, "வரலன்னா டோக்கனைத் திருப்பிக் கொடுத்துடலாம். அவ்வளவுதான்" என்று முடித்தார்.

மூத்தவர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார். ஆனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். கிளம்பும்போது ஓரகத்தி மாடியிலிருந்து, "இத்தனை வருஷமா சத்தம் போட்டே என் தொண்டை போச்சு, எனக்கும் ஒரு டோக்கன் போடுங்க" என்று கத்தினாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காது பார்க்கிற இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. மூத்தவரை உள்ளே உட்காரவைத்து, காதுக்கு இரண்டு உருண்டைகளை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கே இருந்த பெண். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கதவைச் சாத்தினாள். வெளியே அவளுடைய மெஷினில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இளையவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

வலது காதுக்கு மூத்தவர் அமுக்கினார். சில தடவை உடனே, சில தடவை தயங்கி. பிறகு அந்தப் பெண், "இப்ப இடது காது" என்றாள். விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அவள் ஒரு திருகை மேலே மேலே திருப்பிக்கொண்டே போனாள். மூத்தவர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி, பொத்தான் மேல் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, எப்போது வரும் என்று முன்னால் பார்த்தபடி இருந்தார். விரல் அசையவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இளையவர் கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று புருஷனுக்குப் பின்னால் நின்ற அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கிட்டே போகவும் இல்லை. புருஷன் ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிற 'சரி விடு' என்ற இரண்டு வார்த்தை அவளிடம் இருந்தது. ஆனால் அது அவளுடைய வார்த்தை இல்லை.

கதவு திறந்தது. இடது பக்கம் திரும்ப வராது என்றும், வலது பக்கத்துக்கு ஒரு கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றும் அந்தப் பெண் சத்தமாக எதிரில் நின்று சொன்னாள். மூத்தவர் தலையாட்டிக்கொண்டார். வெளியே வந்தவர் போகாமல் நின்றார். அந்த அறைக் கண்ணாடியின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். பிறகு திரும்பி, சுவரை அல்ல, தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"இதை எவன்டா போட்டான்? ஓரமே தேய்க்கல. கையைக் கிழிச்சுடும்."

இளையவர் அண்ணனின் வலது பக்கமாக ஒரு அடி வந்தார்.

"ஆறு எம்.எம். கண்ணாடிண்ணே. சத்தம் உள்ள போகாம இருக்க இதையா போடுவாங்க? ஏமாத்திட்டான்."

"ஆறு இல்ல. எட்டு."

"ஆறுண்ணே."

"எட்டுடா. தொட்டுப் பாரு."

"தொட்டுத்தான் சொல்றேன். நீ சட்டத்தையும் சேர்த்து அளக்கற."

"முப்பது வருஷமா அளக்கறவன்கிட்ட அளவு சொல்றியா நீ?"

இரண்டு கட்டைவிரல்களும் ஒரே ஓரத்தில் மேலும் கீழும் ஓடின. பின்னால் ஒரு தாயும் குழந்தையும் உள்ளே போகக் காத்துக்கொண்டிருந்தார்கள். காது பார்த்த பெண் மூத்தவருக்கு இடது பக்கமாக வந்து, "கொஞ்சம் நகருங்க, அடுத்த ஆள் போகணும்" என்றாள். இரண்டு பேரும் நகரவில்லை. மறுபடியும் சொன்னாள். மூத்தவர் நகராததற்காவது காரணம் இருந்தது. இளையவருக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும்.